சந்தேகத் தேங்காய்கள்

அக்கா ஒரு தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டினாள். கண்களை மூடிக்கொண்டிருந்தாள். பட்டறையில் தையல் மிஷின்கள் நின்றிருந்தன. வெளியே சந்தில் யாரோ ஒரு தகரத்தை இழுத்துக்கொண்டு போனார். அந்தச் சத்தம் தேய்ந்து முடியும்வரை காத்திருந்துவிட்டு மறுபடியும் ஆட்டினாள்.

"தண்ணி கெடக்கு. ஆனா சத்தம் சரியில்ல. நீ கேளு."

என் காதில் வைத்தாள். குளிர்ந்த ஓடு. குடுமியிலிருந்து மழைக்கால அலமாரியின் வாடை. உள்ளே தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் திரும்பியது. தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பது போல இருந்தது.

"நல்லாத்தானக்கா இருக்கு."

"ஒனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்," என்று பிடுங்கி, அதை நடுவில் வைத்தாள்.

அவளுக்கு இடப்பக்கம் நல்ல காய்கள். வலப்பக்கம் கெட்டுப்போனவை, கண் கறுத்து, ஓடு வெடித்து, அவற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நடுவில் இருந்ததுதான் எங்களைப் பிடித்து உட்கார வைத்திருந்தது. உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உடைத்துப் பார்க்க முடியாது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைக்கு முழுத் தேங்காய்தான் போட வேண்டும்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

ரிட்டர்ன் கிஃப்ட் என்று ஒரு வரி

அக்கா இந்தத் தொடரில் அங்கங்கே தலைகாட்டியிருக்கிறாள். இந்த வாரம்தான் இதைக் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவள் பெயர் பகவதி. தாராவியில் இருக்கிறாள். அத்தான் செல்லத்துரை பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். கீழே பட்டறை, மேலே வீடு, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. நான் செம்பூரில் தனியாக இருக்கிறேன். கால் ஓர் இடத்தில் நிற்காது. ரயில் ஏறி இங்கே வந்துவிடுவேன்.

மகள் ஒருத்தி. வீட்டில் இசக்கி. வாஷியில் அவள் வேலை பார்க்கும் ஆபீஸில் பிரியா. ஆதார் அட்டையில் இரண்டையும் சேர்த்து இசக்கிப்பிரியா. வாடிக்கையாளர்கள் போன் செய்து திட்டினால் கேட்டுக்கொள்ளும் வேலை அவளுக்கு. அதே ஆபீஸில், வேறு மாடியில், நிகில். தாதர் பக்கத்து மராட்டிப் பையன். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். கொஞ்ச நாள் வீட்டில் அழுகை, கொஞ்ச நாள் மௌனம், பிறகு அத்தானே ஒரு நாள் அவனைக் கூப்பிட்டுப் பட்டறையைச் சுற்றிக் காட்டினார். சம்மதம் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

கல்யாணச் செலவை அவர்கள் இருவருமே பார்த்துக்கொண்டார்கள். பிரியாவின் போனில் ஒரு கணக்குப் பட்டியல். ஹால், சாப்பாடு, பூ, புடவை என்று இறங்கிக்கொண்டே போகும். அதில் ரிட்டர்ன் கிஃப்ட் என்று ஒரு வரி. அந்த வரிக்கு நேரே ஒரு தொகை. கடைசி வரியில் வாஷியில் பார்த்து வைத்திருந்த வாடகை வீட்டின் டெபாசிட். மேலே எங்கே கூடினாலும் கீழே அங்கேதான் குறையும். நிகில் வீட்டில் ஒரே அறை. அதில் ஏற்கெனவே அண்ணன் குடும்பம். டெபாசிட் இல்லையென்றால் புதுமணத் தம்பதிக்குக் கதவு சாத்திக்கொள்ள ஓர் இடம் இல்லை.

அந்த ஒரு வரிக்காக நடந்த சண்டைகளுக்கு நான்தான் சாட்சி.

"சின்னதா ஒரு சாக்லேட் பாக்ஸ் மா. அழகா ரிப்பன் கட்டி. ஹால்காரனே ஏற்பாடு பண்ணுவான்."

"சாக்லேட்ட வாயில போட்டா ஸ்டேஷன் போறதுக்குள்ள கரைஞ்சிரும். வீட்டுக்கு என்னட்டி கொண்டு போவாவ?"

"தேங்காய யாரும்மா லோக்கல் ட்ரெயின்ல தூக்கிட்டுப் போவா? பாதிப் பேரு சீட்டுக்கு அடியில விட்டுட்டுப் போயிருவாங்க."

"விட்டுட்டுப் போறவ போவட்டும். நான் குடுக்காம அனுப்ப மாட்டேன்."

நிகிலின் அம்மா, ஆளுக்கு ஒரு பேடா போதுமே என்று சொல்லி அனுப்பினார். அக்கா சிரித்து மழுப்பிவிட்டாள்.

கடைசியில் ஓர் உடன்பாடு. அந்தத் தொகைக்குள் அக்கா எதை வேண்டுமானாலும் வாங்கலாம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. பையை அத்தான் தைத்துவிடுவார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள் போக மீதி முழுவதும் தேங்காய்க்கு.

பிறகு, வீட்டுக்கு ஒரு பையா, ஆளுக்கு ஒரு பையா என்று ஆரம்பித்தது. ஊரில் இந்தக் கேள்வியே வராது. குடும்பம் ஒன்றாக வரும், ஒன்றாகப் போகும். பம்பாயில் புருஷன் ஷிஃப்ட் முடித்து ஒரு ரயிலில் வருவார், பெண்டாட்டி வேறொரு ரயிலில் வருவாள். மூத்த பிள்ளை ஆபீஸுக்குப் போகிற வழியில் பந்திக்கு மட்டும் எட்டிப்பார்ப்பான். வாசலில் பை கொடுப்பவளுக்கு எப்படித் தெரியும், இவர்கள் மூவரும் ஒரே வீடு என்று? "கேட்டுட்டா குடுக்க முடியும், ஒங்க வீட்டுல இன்னொருத்தர் வாங்கிட்டாரான்னு?" என்றாள் அக்கா. ஆளுக்கு ஒன்று என்றே முடிவானது. பிரியா போனை முறைத்துப் பார்த்துவிட்டு எதையோ மாற்றித் தட்டினாள். பூவில் கை வைத்தாள் என்று பிறகு தெரிந்தது.

என் அடுக்களையில் இருக்கும் ஊர்க் கல்யாணங்கள்

செம்பூர் வீட்டில் என் அடுக்களை அலமாரியைத் திறந்தால், எவரெவர் கல்யாணமோ வரிசையாக நிற்கும்.

எவர்சில்வர் டப்பாக்களின் மூடியில் புள்ளி புள்ளியாக மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் வெட்டியிருக்கும். சர்க்கரை டப்பாவில் இருக்கிற இருவரும் எப்போதோ பிரிந்துவிட்டார்கள். அவர் துபாயில், அவள் பாண்டுப்பில். மூடியில் மட்டும் இன்னும் பக்கத்துப் பக்கத்தில். காலையில் தேநீருக்குச் சர்க்கரை எடுக்கும்போது கட்டை விரல் அந்தப் புள்ளிகள் மேல் படும்.

பிறகு பிளாஸ்டிக் கூடைகளின் காலம் வந்தது. சாவிக்கொத்தில் சாமி படம் வந்தது. ஒரு கல்யாணத்தில் செடி கொடுத்தார்கள். தென்னைநார்த் தொட்டியில் ஒரு துளசி. அதற்கு என் ஜன்னல் பிடிக்கவில்லை.

எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அதில் சொல்வதற்குக் கதை ஒன்றும் இல்லை; நடக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் பைகள் வந்துகொண்டே இருந்தன. வாசலில் நிற்கிற பெண், உள்ளே வெற்றிலை இருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் நீட்டுவாள். அந்த ஒரு நொடிக்காகவே நான் சில கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன்.

தேங்காய் மட்டும் அலமாரியில் தங்காது. அது சட்னியாகி, குழம்பாகிப் போய்விடும். பெயர் வெட்ட முடியாத பரிசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஹார்பர் லைனில் பெண்கள் பெட்டியில், யாரோ ஒருத்தியின் கல்யாணப் பையிலிருந்து தேங்காய் நழுவி உருண்டது. வண்டி வளையும்போதெல்லாம் ஒரு பக்கம் போய் முட்டித் திரும்பியது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் பாதத்தால் நிறுத்தி அடுத்தவளுக்குத் தள்ளினாள், அவள் அதற்கு அடுத்தவளுக்கு. யாரும் குனியவில்லை, யாரும் பேச்சை நிறுத்தவில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி உடையவளிடமே வந்து சேர்ந்தது. அதை நான் பிரியாவிடம் சொன்னேன். "சித்தி, கவிதை நல்லாருக்கு. ஆனா வெயிட்டு வெயிட்டுதான்," என்றாள்.

பாண்டுப் மதினி

அக்கா தேங்காயில் பிடிவாதமாக நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் பாண்டுப்பில் குடியிருந்தது.

அத்தானுக்கு உடன்பிறந்தவர் ஒரே ஓர் அக்கா. எங்களுக்கு மதினி. பெற்றவர்கள் போன பிறகு அந்தக் குடும்பத்துக்குப் பெரியவர் என்றால் அவர்தான். வாய் நிறைய வெற்றிலையும் அதற்கு மேல் பேச்சும் உள்ளவர். எந்த வீட்டில் எந்தக் குழம்பில் உப்பு கூடியது என்பது பாண்டுப்பிலிருந்து செம்பூர்வரை அவர் மூலமாகத்தான் தெரியவரும்.

பிரியா விஷயத்தில் அவருக்குக் கோபம். பையன் மராட்டி என்பது கோபத்தில் பாதிதான். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே" என்பது மீதி. உண்மைதான், கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று அத்தான் பயந்துவிட்டார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் முதல் விருந்துக்கு அழைக்க வேண்டியவள் பெண்ணின் அத்தை. அவள் வீட்டில் இலை விழுந்த பிறகுதான் மற்ற சொந்தங்கள் ஒவ்வொன்றாக அழைக்கும். அவள் அழைக்காவிட்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். சும்மா இருப்பார்கள். அந்தச் சும்மாவுக்குத்தான் அக்கா அஞ்சினாள். ஒரே பெண், ஊர் ஊராக இத்தனை சொந்தம் இருந்தும் ஒரு வீட்டிலும் கை நனைக்காமல் போய்விடுவாளோ என்று.

பத்திரிகை வைக்கப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். மதினி தட்டை வாங்கிக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு வாரேன். தம்பி மொகத்துக்காவ வாரேன். விருந்து கிருந்துன்னு எங்கிட்ட எதிர்பாக்காதிய. அந்த மராட்டிப் பயலுக்கு ஆக்கிப் போட எனக்குத் தெரியாது."

அக்கா ஏணிப்படி மாதிரி நிமிர்ந்து நின்றாள். திரும்பி வரும்போது ரயிலில்தான் சொன்னாள். "ஒரு கொறயும் இல்லாம அனுப்பணும்ட்டி. வாசல்ல வாங்குத பையில இருந்து ஒரு கொற சொல்ல எடம் இருக்கக் கூடாது. இருந்திச்சுன்னா அதையே புடிச்சுக்கிடுவாவ."

கல்யாணத் தேங்காய் அழுகலாக இருந்தால் பேச்சு தேங்காயோடு நிற்காது என்பது இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரெக்சின்

ஆடி முடிகிற சமயம். ஆவணியில் நம் முகூர்த்தம். அதே நாட்களில்தான் இங்கே நாரளி பௌர்ணமி, கடற்கரை மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் போடும் நாள். அதை ஒட்டியே கணபதி பண்டிகை. அவர்களுடைய பண்டிகைக்கும் நம்முடைய கல்யாணத்துக்கும் ஒரே தேங்காய்தான் வேண்டியிருக்கிறது. விலை ஏறுவதற்கு முன்னால் வாங்கிவிட வேண்டும் என்று அக்கா கணக்குப் போட்டாள். மாட்டுங்கா கடையில் ஒரு காய் என்ன விலை என்று கேட்டாள். பிறகு வாஷி மொத்த மார்க்கெட்டுக்குப் போய் மூட்டை என்ன விலை என்று கேட்டாள். அன்றே ஒரு டெம்போ தாராவிக்கு வந்தது. பிரியாவின் வரிக்குள் அடங்கி, வெற்றிலைக்கும் கொஞ்சம் மிச்சம். அக்காவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டு வெகு நாளாகியிருந்தது.

மூட்டைகளைப் பட்டறைப் பரணில் ஏற்றினார்கள். அதன்பின் பொறுப்பு அத்தானுடையது.

அத்தான் ஆயுள் முழுக்கச் சரக்கு காத்தவர். ஒழுகும் கூரைக்குக் கீழே, பம்பாய் மழையில், ஒரு பை நனையாமல் ஆர்டரை ஒப்படைப்பவர். அவர் செய்வதைத்தான் செய்தார். நல்ல கனமான ரெக்சின் துண்டை எடுத்து, மூட்டைகளின் மேல் போர்த்தி, ஓரங்களை உள்ளே செருகி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். காற்று நுழைய இடமில்லை. பைக்கு அது போதும். பைக்கு மூச்சு வேண்டியதில்லை.

கீழே தைத்துக்கொண்டிருந்தவர்கள்தான் முதலில் மூக்கைச் சுளித்தார்கள். பசை டப்பா கெட்டுவிட்டதோ என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தார்கள். பிறகு ஒருவர் பரணைப் பார்த்தார்.

கயிற்றை அறுத்து ரெக்சினைத் தூக்கியபோது உள்ளேயிருந்து வெந்நீர்ப் பானை திறந்த மாதிரி ஓர் ஆவி வந்தது என்றார் அத்தான். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னிடம் மெல்லச் சொன்னார்: "மழத் தண்ணி ஒரு சொட்டுப் படல, பாத்துக்கிடு."

அக்கா அவரை ஒன்றும் சொல்லவில்லை. காய்களை இறக்கச் சொல்லிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் காயை எடுத்துக் காதில் வைத்தாள்.

நியாயம் இல்ல, பட்ஜெட்

ஆபீஸிலிருந்து பிரியா வந்தபோது நாங்கள் எல்லோரும் காதில் தேங்காயோடு இருந்தோம். அத்தான், நான், எதிர்வீட்டுப் பாத்திமாக்கா. பாத்திமாக்கா அக்காவோடு இருபது வருஷப் பழக்கம். குழாய்த் தண்ணீருக்காக ஆரம்பித்த சண்டை எப்போது சிநேகமானது என்று இருவருக்குமே ஞாபகமில்லை.

"என்னாச்சு? எல்லாருக்கும் போன் வந்துருக்கா?" என்றாள் பிரியா. பிறகு வாடை அடித்தது. பையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தாள்.

அக்கா சொன்னாள். நல்ல காய் பாதிக்கு மேல் தேறும். அது போதாது. இப்போது புதிதாக வாங்கலாம் என்றால், கடலுக்குப் போட ஊரே தேங்காய் வாங்குகிறது, விலை இரட்டிப்பாகிவிட்டது.

"நான் தாரேன்க்கா," என்றேன்.

"நீ புடவை எடுத்துட்டல்லா. போதும்."

பிரியா போனை எடுத்து அந்தப் பட்டியலைத் திறந்தாள். கீழே போனாள், மேலே வந்தாள். "டெபாசிட்ட நாளைக்குக் குடுத்தாவணும் சித்தி. அதுல கை வச்சா வீடு போச்சு," என்றாள். அக்கா உடனே, "அதத் தொடாத. நான் பாத்துக்கிடுதேன்," என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று யாரும் கேட்கவில்லை.

நடுக் குவியலைக் காட்டி பிரியா கேட்டாள். "இது என்ன?"

"சந்தேகம்."

"அப்ப இதையும் சேத்தா எண்ணிக்கை வருதுல்ல?"

"எவ வீட்டுல ஒடச்சு அழுகலா இருந்தா?"

பிரியா கொஞ்ச நேரம் ஒரு தேங்காயின் குடுமியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு ஆபீஸ் குரலில் பேச ஆரம்பித்தாள். "அரே மா, என் வேலையே இதுதான். யாரு கம்ப்ளெய்ன்ட் பண்ணுவா, யாரு பண்ண மாட்டான்னு முதல்லயே தெரிஞ்சா பாதிப் பிரச்சன முடிஞ்சுது. இந்த டவுட்டெல்லாம் நம்ம ஆளுங்களுக்குக் குடு. அழுகலா இருந்தா தூக்கிப் போட்டுட்டுப் பேசாம இருப்பாங்க. நல்லதெல்லாம் வாய் உள்ளவங்களுக்கு."

"பிரியமா இருக்கவியளுக்கு அழுகலு, பேசுதவியளுக்கு நல்லதா? இது என்னட்டி நியாயம்?"

"நியாயம் இல்லமா. பட்ஜெட்."

பாத்திமாக்கா முதலில் சிரித்தார். பிறகு அத்தான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவள் கை அடுத்த காயை எடுத்துவிட்டது.

அத்தான் எழுந்து போய் நூல் கண்டு இரண்டு கொண்டுவந்தார். பையின் வாயைக் கட்ட. நல்ல காய்க்கு மஞ்சள், சந்தேகத்துக்குச் சிவப்பு. பிறகு சொந்தங்களைப் பிரித்தோம். இதைவிடப் பொல்லாத வேலையை நான் பார்த்ததில்லை. நமக்கு ஒருவர் எவ்வளவு நெருக்கம் என்பதை, அவர் வீட்டுக்கு அழுகிய தேங்காய் அனுப்பத் துணிவோமா என்று கேட்டுப் பார்க்கிற வேலை.

"நிகில் வீட்டாளுங்க?"

"மஞ்ச. எல்லாருக்கும் மஞ்ச."

"பட்டறை ஆளுங்க?"

"செவப்பு. அவிய கூடயே இருந்து பாத்தவியதான்."

"எனக்கு நீ மஞ்ச கட்டுன, அப்புறம் தண்ணி பிடிக்க வராத," என்றார் பாத்திமாக்கா.

"நானு?" என்று கேட்டேன்.

"சித்தி, இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றாள் பிரியா. எனக்கு உள்ளூர எதுவோ இளகியது. மறைத்துக்கொள்ள ஒரு காயை எடுத்து ஆட்டினேன்.

"பாண்டுப் அத்தை?"

அக்காவும் பிரியாவும் ஒரே குரலில் சொன்னார்கள். "மஞ்ச."

இருப்பதிலேயே கனமான, நார் பளபளக்கும் ஒரு காயை எடுத்து அக்கா தனியாக வைத்தாள்.

வாசல்

மாட்டுங்காவில் சின்ன ஹால். ஆவணித் தூறல். வாசலில் செருப்புகள் நனைந்துகொண்டிருந்தன. உள்ளே சாம்பார் வாசம், தாதர் மார்க்கெட்டிலிருந்து வந்த சாமந்தியின் ஈர வாசம். நிகில் வேட்டியைப் பிடித்துக்கொண்டே தாலி கட்டினான்.

மதினி வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்தார். அட்சதை போட்டார். சாப்பிட்டார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து வாசல் பக்கம் போட்டுக்கொண்டு வெற்றிலை மடித்தார். அதைத்தான் நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

வாசலில் அக்கா. இரண்டு பக்கமும் இரண்டு கூடை. நிகிலின் உறவினர்கள் மஞ்சள் நூல் பையை வாங்கி, நெற்றியில் தொட்டுக்கொண்டு போனார்கள். அவர்களுக்கும் தேங்காய் என்றால் மரியாதைதான். பாத்திமாக்கா சிவப்பு நூலைப் பார்த்து அக்காவுக்குக் கண்ணைச் சிமிட்டினார். நான் என் சிவப்பை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

மதினி எழுந்தார். அக்கா அந்தத் தனியாக வைத்த மஞ்சள் நூல் பையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். மதினி வாங்கவில்லை.

"அது என்ன பகவதி, சில பேருக்குச் செவப்பு நூலு?"

"சும்மா மதினி. நூலு பத்தல, அதான்."

"பை தைக்கவன் வீட்டுல நூலு பத்தல."

மதினி என் கையிலிருந்த பையைக் காட்டினார்.

"வடிவுக்குச் செவப்பு. பாத்திமாவுக்குச் செவப்பு. பட்டறையில வேல பாக்கவனுக்குச் செவப்பு. இந்தப் பய ஆபீஸ்காரனுக்கு மஞ்ச. ஹால்காரனுக்கு மஞ்ச. எனக்கும் மஞ்ச." குரலை உயர்த்தவேயில்லை. "நான் இந்த வீட்டு ஆளா, ஹால்காரியா? வீட்டாளுக்குன்னு விசேஷமா எதையோ போட்டுக் கட்டி வச்சிருக்க. அது எனக்கு மட்டும் கெடையாதோ?"

பின்னால் இரண்டு மூன்று சொந்தங்கள் செருப்பைத் தேடுவதை நிறுத்தியிருந்தன. உண்மையைச் சொல்லிவிட்டால் அவரைக் குறை பேசுகிறவர்களோடு சேர்த்தது தெரிந்துவிடும். சொல்லாமல் கொடுத்தால், இத்தனை நாளாக எந்த வீட்டுக்கு ஒரு குறையும் போய்விடக் கூடாது என்று பார்த்தாளோ அதே வீட்டுக்குச் சந்தேகத் தேங்காய்.

அக்காவின் கை சிவப்புக் கூடைக்குப் போனது. மேலே இருந்ததை எடுக்கவில்லை. அடியில் விட்டுத் துழாவி ஒன்றை எடுத்தாள். (ஏன் என்று பிறகு கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான். கை சும்மா இருக்க மாட்டேங்கு" என்றாள்.)

"மன்னிச்சிருங்க மதினி. மாறிட்டு."

மதினி வாங்கிக்கொண்டார். நூலை ஒருதரம் பார்த்தார். மணமேடைப் பக்கம் திரும்பாமல் தூறலில் இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு

என் தேங்காய் நன்றாகவே இருந்தது. தண்ணீரில் லேசான இனிப்பு. பாத்திமாக்காவுடையது பாதி வெள்ளை, பாதி பழுப்பு. வெள்ளையை வெட்டி எடுத்துக் குழம்பு வைத்ததாகச் சொன்னார். பட்டறைக்காரர்கள் ஒன்றுமே சொல்லவில்லை. அதிலிருந்து என்ன புரிந்துகொள்வது என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

பாண்டுப்பிலிருந்து சத்தமே இல்லை. வேறு எந்தச் சொந்தமும் விருந்துக்கு அழைக்கவில்லை. பிரியாவும் நிகிலும் வாஷி வீட்டில் கேஸ் இணைப்புக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது எதுவும் உறைக்கவில்லை. அக்காதான் போன் அடிக்கும்போதெல்லாம் திரையை எட்டிப் பார்த்தாள்.

அழைப்பு வந்த மதியம் நான் அங்கே இருந்தேன். அக்கா கையெல்லாம் மாவு. நான்தான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"பகவதி. தேங்காய ஒடச்சேன்."

"ம்."

"வெள்ளிக்கெழம, சாமி படத்துக்கு முன்னால. உள்ளுக்க அம்புட்டும் கறுப்பு. வீடு பூரா நாத்தம்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "மதினி, நான் வந்து..."

"நீ பேசாத. தம்பிக்குப் போன் போட்டேன். அவன் எல்லாத்தையும் சொல்லிட்டான், ரெக்சின் போட்டு மூடுனதுல இருந்து. நூலு வெவரமும் சொல்லிட்டான்."

கீழே ஒரு மிஷின் ஓடி நின்றது.

"அழுகுனது எனக்கு ஒண்ணுமில்ல கேட்டியா. பக்கத்து வீட்டுக்காரி மூக்கப் பொத்திக்கிட்டு வந்து நின்னா, கல்யாணத் தேங்கா அழுகலான்னு. எங்க பிள்ள மேல பட்ட கண்ணெல்லாம் இதுல வந்து எறங்கிட்டு, நல்லதாப் போச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன். மத்தவியளுக்கும் அதத்தான் சொல்லிருக்கேன். நீயும் அதையே சொல்லு. மாத்திக் கீத்திச் சொல்லிராத."

"சரி மதினி."

"ஆனா மொதல்ல எனக்குன்னு மஞ்ச நூல எடுத்தியே. அத எடுக்க எப்பிடிட்டி மனசு வந்துச்சு ஒனக்கு? பாத்திமா வீட்டுல அழுகலாம், எவனோ பட்டறக்காரன் வீட்டுல அழுகலாம், எங்க வீட்டுல அழுகக் கூடாதா?"

அக்கா மாவுக் கையைப் பார்த்தபடி நின்றாள். "தப்புத்தான் மதினி," என்றாள்.

அந்தப் பக்கம் குக்கர் ஒருதரம் கூவி அடங்கியது. மதினி போனை வைத்துவிட்டாரோ என்று நான் திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம பிள்ளையள அனுப்பு. கோழி எடுக்கேன். மாப்பிள்ள ஒறப்பு திம்பாராமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். சரியாகத்தான் கேட்டோமா என்று.

"அவ்வளவாப் பழக்கமில்ல மதினி. கொஞ்சம் கொறச்சுப் போடுங்க."

"கொறைக்கல்லாம் மாட்டேன்," என்றார் மதினி. "தண்ணி பக்கத்துல வச்சிருக்கேன். தின்னு பழகட்டும்."